ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பிக் கொடுங்கள்: எங்கள் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கும், பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

பிளஸ் டூ மாணவர்களுக்குக் காலை 7 மணிக்குச் சிறப்பு வகுப்பு, பள்ளி முடிந்ததும் மாலை 6.30 வரை மறுபடியும் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமை முழுநாள், ஞாயிறு காலை 8.30 முதல் 12.30 வரை டெஸ்ட் என்று 2025 ஆகஸ்ட் கடைசியில் சுற்றறிக்கை விட்டீர்கள். பி.இ.டி. என்கிற விளையாட்டு பீரியடும் நூலக பீரியடும் பொதுத்தேர்வு முடியும்வரை கிடையாது என்றும் அதிலேயே இருந்தது. கடைசி வரி இது: வராதவர்கள் மறுநாள் பெற்றோரை அழைத்து வந்து காரணம் சொல்ல வேண்டும்.

என் அம்மாவைக் காலையில் அழைத்து வர முடியாது. ஏன் முடியாது என்று கீழே சொல்கிறேன். காரணத்தை மட்டும் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு. வகுப்பாசிரியரிடம் சொன்னோம், மேலே சொல்லுங்கள் என்றார். மேலே சொல்லப் போனால், இது நிர்வாகம் எடுத்த முடிவு என்றார்கள். நடையில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குகிறது. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று அலுவலகத்திலேயே யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். அப்பா ஃபைபர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். நடுச்சாமத்துக்கு மேல் கிளம்பினால் விடிந்த பிறகுதான் கரை ஏறுவார். வள்ளம் வந்ததும் வலையிலிருந்து மீனைக் கழற்ற வேண்டும், ஏலத்துக்குப் போட வேண்டும். அம்மா ஏலத்தில் கொஞ்சம் மீன் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் சந்தைக்குப் போய்விடுவார். மதியம் தாண்டித்தான் வீட்டுக்கு வருவார். வீட்டில் பாட்டி இருக்கிறார், இரண்டு கண்ணிலும் புரை. நான்காம் வகுப்பு படிக்கும் தம்பி இருக்கிறான். அவனை எழுப்பிக் குளிக்க வைத்துப் பள்ளிக்கு அனுப்புவது, தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது எல்லாம் என் வேலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இப்படித்தான். வேலை முடித்து 8.10 பஸ்ஸைப் பிடித்தால் முதல் மணிக்கு முன்னால் வகுப்பில் இருப்பேன். போன வருடம் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்.

இப்போது 6.10 பஸ். அதை விட்டால் 7 மணி வகுப்புக்கு வந்து சேர வழியில்லை. அதனால் நாலரைக்கு எழுந்திருக்கிறேன். மாலை 6.30க்கு விட்டால், கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீடு வந்து சேர ஏழரை ஆகிறது. அப்புறம் தம்பிக்கு வீட்டுப்பாடம், ராத்திரிச் சாப்பாடு, பாத்திரம். அதற்கப்புறம்தான் என் வீட்டுப்பாடம். சிறப்பு வகுப்புக்கும் தனியாக வீட்டுப்பாடம் தருகிறீர்கள். படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ளவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016இல் பரிந்துரைத்தது. எனக்குக் கிடைப்பது ஐந்து மணி. பத்து மணியெல்லாம் நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பத்து மணி தூங்கினால் காய்ச்சலா என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

அந்தக் காலை வகுப்பில் என்ன நடக்கிறது என்று நீங்கள் ஒரு நாள் வந்து பார்க்க வேண்டும். முதல் அரைமணி ஒரு மதிப்பெண் வினாக்கள். பிறகு புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளுக்குப் பதிலை நோட்டில் மறுபடி எழுத வேண்டும். முன்பே எழுதியதுதான். கடைசி பெஞ்சில் இருவர் எழுதியபடியே தூங்குவார்கள், கை மட்டும் ஓடும். பாடம் நடத்தும் ஆசிரியர்களும் எங்களைப் போலத்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மிஸ் தன் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வருவார். நாங்கள் டெஸ்ட் எழுதும்வரை அது கடைசி வரிசையில் உட்கார்ந்து சாக்பீஸால் பெஞ்சில் கோடு போட்டுக்கொண்டிருக்கும். அந்த மிஸ்ஸிடம் யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அவர் என்னைத் திட்டினாலும் சரி.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. என் தம்பிக்குப் பள்ளியிலேயே காலை உணவு கிடைக்கிறது. முதலமைச்சரின் திட்டம் 2022இல் தொடங்கியது, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். பிளஸ் டூ படிக்கிறவர்களுக்கு இரண்டும் இல்லை. வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்ற கணக்காக இருக்கலாம். 9.15க்கு வந்தால் அந்தக் கணக்கு சரி. 7 மணிக்கு வரச் சொன்னால் எங்கே சாப்பிடுவது? 6.10 பஸ்ஸுக்கு ஓடும்போது வாயில் ஏதாவது போட்டுக்கொண்டு வந்தால் உண்டு, இல்லையென்றால் மதியம் வரைக்கும் தண்ணீர்தான். செப்டம்பரில் காலை வழிபாட்டில் என் பக்கத்தில் நின்றவள் மயங்கி விழுந்தாள். விசாரித்ததில், முந்தைய நாள் ராத்திரியும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, வந்ததும் தூங்கிவிட்டாளாம். அவளைத் தண்ணீர் தெளித்து எழுப்பி, குளுக்கோஸ் கொடுத்து, மூன்றாவது பீரியடுக்கு வகுப்பில் உட்கார வைத்தோம். அன்றைக்கும் மாலை வகுப்பு நடந்தது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போக மாட்டார்கள். சனிக்கிழமை மீன்பாடு இல்லாமல் கையில் காசு இல்லாவிட்டாலும் போக மாட்டார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஊர்க் கட்டுப்பாடு, காலகாலமாக இருக்கிறது. கோடையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு உண்டு, அது மீன் இனம் பெருக அரசு வைத்தது. ஆக மீனுக்கே ஓய்வு கொடுக்கிற ஊரில் நான் மட்டும் ஞாயிறு காலை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். பூசைக்குப் போகிற வழியில் பார்த்தவர்கள், 'இன்னைக்குமா பள்ளிக்கூடம்?' என்று கேட்காமல் போனதில்லை.

6.30க்குத் தொடங்கும் பூசை முடிய ஏழே முக்கால் ஆகும். 8.30க்குப் பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் 7.40 பஸ். அதனால் நற்கருணை வாங்கியதும் கோவிலிலிருந்து ஓடி வருகிறேன், சில வாரம் அதுவும் முடிவதில்லை. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போகலாமே என்று ஒரு ஆசிரியர் நல்ல எண்ணத்தில் சொன்னார். போகலாம்தான், ஞாயிறு பூசைக் கடமை தீர்ந்துவிடும். ஆனால் ஞாயிறு காலையில் எனக்கு இருப்பது பூசை மட்டும் இல்லை. நான் பாடகர் குழுவில் இருக்கிறேன். பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு, அதில் புது நன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்கப் போகும் சின்னப் பிள்ளைகளுக்குச் செபங்கள் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. பிளஸ் டூ வந்த அக்காமார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது என் முறை. பங்குத்தந்தையிடம் போய், பள்ளிக்கூடத்தில் டெஸ்ட் வைக்கிறார்கள், இனி வர முடியாது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, படிப்பு முக்கியம் என்றார். என் பிள்ளைகளை ஏற்கெனவே இரண்டு வகுப்பை வைத்துச் சமாளிக்கும் ஒரு சிஸ்டரிடம் கூட்டிவிட்டார்.

2025 செப்டம்பர் 14 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்றைக்கு மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருநாள். எங்கள் கரையில் அது எவ்வளவு பெரிய நாள் என்று உங்களுக்கும் தெரியும், அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்கும் வரச் சொன்னீர்கள். வராதவர்கள் திங்கட்கிழமை வெளியே நின்றோம். எல்லோரும் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள். யாரும் ஊர் சுற்றப் போகவில்லை, குடும்பத்தோடு கோவிலுக்குப் போனோம்.

இது கிறிஸ்தவப் பிள்ளைகளின் குறை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் பள்ளி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் திருச்செந்தூர், ஒரு பக்கம் காயல்பட்டினம், இன்னொரு பக்கம் குலசை என்கிற குலசேகரன்பட்டினம், அதைத் தாண்டினால் மணப்பாடு. தமிழ்நாட்டில் வேறெங்கும் இவ்வளவு அருகருகே இவ்வளவு கோவில், பள்ளிவாசல், தேவாலயம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் வகுப்பில் ஒருவன் குலசை தசராவுக்கு மாலை போட்டிருந்தான். ஒருவேளைச் சாப்பாடு, காலில் செருப்பு இல்லை. அனுமன் வேடம் கட்டுகிறவன், அவன் ஊர் தசராக் குழுவில் மேளமும் அடிக்கிறான். பக்தி எது, பொழுதுபோக்கு எது என்று அவனிடம் பிரித்துக் கேட்டால் முழிப்பான். வருடம் முழுக்க அவன் காத்திருப்பது அந்தப் பத்து நாளுக்குத்தான். முத்தாரம்மன் கோவிலில் கொடியேறிக் காப்பு கட்டிய பிறகு குழுவோடு ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்க வேண்டும், சூரசம்ஹாரத்தன்று அதைக் கோவிலில் சேர்க்க வேண்டும். காலாண்டு விடுமுறை அவனுக்குச் சரியாக அமைந்தது. நீங்கள் அந்த விடுமுறையிலும் சிறப்பு வகுப்பு வைத்தீர்கள். விடுமுறை நாளில் வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக்கல்வித் துறை திரும்பத் திரும்பச் சொல்லிவருவது உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால்தான் எங்களைக் கலர் உடையில் வரச் சொன்னீர்கள் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். அப்படி இருக்காது என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

தீபாவளி முடிந்த கையோடு கந்த சஷ்டி வருகிறது. திருச்செந்தூரில் ஆறு நாளும் குடும்பத்தோடு கோவிலில் தங்கி விரதம் இருப்பவர்களின் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அப்புறம் ரமலான். பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025 மார்ச்சில் நோன்பு மாதத்தில்தான் எழுதினோம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காயல்பட்டினத்துத் தோழி எல்லாப் பரீட்சையையும் நோன்போடு எழுதினாள். நன்றாகவே எழுதினாள், அதில் பேச ஒன்றுமில்லை. அடுத்த ரமலான் 2026 பிப்ரவரி பாதிக்கு மேல் தொடங்கும். நம் பக்கத்தில் அந்த மாதத்தில் நோன்பு திறக்கும் நேரம் கிட்டத்தட்ட 6.30. உங்கள் மாலை வகுப்பு முடியும் அதே நேரம். அவள் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு தண்ணீர் பாட்டிலோடு நோன்பு திறக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் நோன்புக் கஞ்சியோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மதத்தின் பெயரால் சலுகை கேட்கிறோம் என்று யாராவது சொல்லக்கூடும். எந்தக் கோவிலுக்கும் போகாத ஒருவனும் எங்கள் வகுப்பில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய் என்று கேட்டால், பத்து மணி வரை தூங்குவேன் என்கிறான். எனக்கு அதுவும் நியாயமான காரணமாகத்தான் படுகிறது.

என்னுடையது என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு வழக்கம். காலையில் வள்ளம் வந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போவேன். அன்றைக்கு வந்த மீனில் புதிதாக ஒன்று இருந்தால் வரைவேன். சாளை, காரல், நெத்திலி எல்லாம் எப்போதோ முடிந்தது. பாறை, விளமீன், ஊளி, கலவாய், முரல், நவரை, கணவாய், திருக்கையில் தனித்தனி வகைகள் என்று மூன்று நோட்டு ஆகிவிட்டது. செதிள் எப்படி, துடுப்பில் எத்தனை முள், எந்த வலையில் பட்டது, எந்த மாதம் என்று பக்கத்திலேயே எழுதி வைப்பேன். பெயர் தெரியாவிட்டால் வலை சரிசெய்துகொண்டிருக்கும் பெரியவர்களிடம் கேட்பேன். அவர்களுக்குள் சண்டை வரும், ஒருவர் ஒரு பெயர் சொல்வார், இன்னொருவர் இல்லை என்பார். சாயங்காலம் வரையலாமே என்று நீங்கள் சொல்லலாம். மீன் செத்த கொஞ்ச நேரத்திலேயே நிறம் போய்விடும். நவரையைக் கரையில் பார்த்தால் உடம்பில் சிவப்பும் மஞ்சளுமாக மின்னும், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். அதுவும் எட்டரைக்குள் ஏலம் முடிந்து நல்ல மீன் எல்லாம் லாரி ஏறியிருக்கும். எனக்குக் கிடைத்தது ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் ஒரு அரைமணி. சுற்றறிக்கை வந்ததிலிருந்து நோட்டில் ஒரு பக்கம்கூட ஏறவில்லை.

இதைக் கேள்விப்பட்ட ஒரு ஆசிரியர், உயிரியல் புராஜெக்டாகக் கொடுத்துவிடு, அகமதிப்பெண் போட்டுவிடலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது வேண்டாம். மதிப்பெண் வந்துவிட்டால் எத்தனை மீன், எந்தத் தேதிக்குள் என்று கேள்வி வரும். என் நாளில் யாரும் திருத்தாத ஒரே நோட்டு அதுதான். பி.இ.டி. பீரியடையும் இப்படித்தான் பார்க்கிறோம். பையன்களுக்கு கால்பந்து, எங்களுக்கு த்ரோபால், அவ்வளவுதான். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்கக் கூடாது என்று விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்ட துணை முதலமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையில் கேட்டுக்கொண்டார். நம் பள்ளியில் கடன் வாங்கவில்லை, மொத்தமாக எழுதி வாங்கிவிட்டீர்கள்.

மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாரநாளில் காலை 7இலிருந்து மாலை 6.30 வரை பதினொன்றரை மணி நேரம் பள்ளி வளாகத்தில் இருக்கிறோம். ஐந்து நாளுக்கு ஐம்பத்தேழரை. சனிக்கிழமை ஏழு, ஞாயிறு நான்கு. சாப்பாட்டு நேரம், இடைவேளை எல்லாம் கழித்தாலும் வாரத்துக்கு 60 மணிக்கு மேல் போகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வயதுவந்த தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம்தான் வைத்திருந்தது, வாரம் ஒரு நாள் விடுமுறையும் கொடுத்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது எனக்கே நினைவிருக்கிறது, அரசு அதைத் திரும்பப் பெற்றது. எங்கள் பதினொன்றரை மணி நேரத்துக்கு அரைப்பக்கச் சுற்றறிக்கை போதுமானதாக இருந்திருக்கிறது.

பள்ளியும் தொழிற்சாலையும் ஒன்றா என்பீர்கள். சரி, கோச்சிங் சென்டரை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் ஒன்றிய கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது, அதிகாலையிலோ இரவு வெகுநேரம் வரையிலோ நடத்தக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை கட்டாயம், அந்த விடுமுறைக்கு மறுநாள் தேர்வு வைக்கக் கூடாது, அந்தந்தப் பகுதியின் முக்கியத் திருவிழாக்களில் மாணவர்கள் குடும்பத்தோடு இருக்கும்படி விடுப்பைத் திட்டமிட வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அது பள்ளிகளுக்காக எழுதியது இல்லை என்று எனக்குத் தெரியும். பணம் வாங்கிக்கொண்டு நீட் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கே விடுமுறைக்கு மறுநாள் டெஸ்ட் வைக்காதே என்று சொல்லியிருக்கிறார்கள். நாமோ விடுமுறை நாளிலேயே வைக்கிறோம்.

எங்கள் சுமையைக் குறைக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிற காலம் இது. 2025 ஆகஸ்ட் 8ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, பிளஸ் ஒன் பொதுத்தேர்வே 2025–26 கல்வியாண்டிலிருந்து இல்லை என்று ஆகிவிட்டது. அதை எழுதிய கடைசி வகுப்பு நாங்கள். அதே ஆகஸ்டில்தான் நம் சுற்றறிக்கையும் வந்தது.

உங்கள் பக்கத்து நியாயமும் காதில் விழாமல் இல்லை. பலருக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது, எங்கள் வீடும் ஒரே அறைதான். டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாதவர்களுக்குப் பள்ளி இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது, அதற்கு நன்றி உண்டு. கணக்கில் திணறுகிற சிலர் சிறப்பு வகுப்பால் தேறியிருக்கிறார்கள், அதுவும் உண்மை. அதெல்லாம் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு நடக்கட்டும். ஆனால் காலாண்டுத் தேர்வில் நன்றாக எழுதியவர்களும் அதே பெஞ்சில் அதே கேள்வியை மறுபடி எழுத வேண்டியதில்லை. 2025 பிளஸ் டூவில் மாநிலத் தேர்ச்சி 95.03 விழுக்காடு. நம் பள்ளியும் அதற்குக் கீழே இல்லை. தேர்ச்சி போய்விடும் என்ற பயத்தில் இதைச் செய்யவில்லை என்று எங்களுக்குப் புரிகிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மே மாதம் கட்டப் போகும் பேனரில் 600க்கு இத்தனை என்று போட வேண்டும், பக்கத்துப் பள்ளியின் பேனரைவிட நம்முடையது பெரிதாக இருக்க வேண்டும். வெளிப்படையாகப் பேசினால் அவ்வளவுதானே?

பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எப்படிப் போட்டார்கள் என்பதைச் சொல்கிறேன். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தை வாரநாளில் காலை 11 மணிக்கு வைத்தீர்கள். அந்த நேரத்தில் என் அம்மா சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருப்பார். கூட்டத்துக்கு வந்தவர்கள் கடை வைத்திருப்பவர்களும் அலுவலகத்தில் அனுமதி வாங்க முடிந்தவர்களும்தான். வராதவர்களுக்குப் படிவத்தை எங்களிடமே கொடுத்து அனுப்பினீர்கள். மறுநாள் காலையில் திருப்பித் தராவிட்டால் ஹால் டிக்கெட்டில் சிக்கல் வரும் என்று ஒருவர் வகுப்பில் சொன்னார். ஹால் டிக்கெட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போட்ட கையெழுத்து அது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாணவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. அதன் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமை என்கிறது, 12ஆவது பிரிவு தன்னைப் பற்றிய முடிவில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. பதினெட்டு முடியாதவரை நாங்களும் அந்தக் கணக்கில்தான் வருகிறோம்.

நாங்கள் கேட்பது இது.

ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறையாக இருக்க வேண்டும், டெஸ்டும் கூடாது, டவுட் கிளாஸ் என்று வேறு பெயரிலும் கூடாது. வாராந்திர டெஸ்டைச் சனிக்கிழமை முற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள், எழுதிவிட்டு மதியம் வீட்டுக்குப் போகிறோம். காலை வகுப்பு 8.30க்கு முன்னால் வேண்டாம். அதற்கு முன்பே வந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள், வருகைப் பதிவு எடுக்க வேண்டாம். அப்படி வருகிறவர்களுக்குச் சுண்டலோ இட்லியோ கொடுக்க முடியுமா என்று பெற்றோர் ஆசிரியர் கழகம் பார்க்க வேண்டும். பேனருக்கு ஆகும் செலவில் அது எத்தனை நாளுக்கு வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாலை வகுப்பு 5.15க்கு முடிய வேண்டும். பாடத்தில் பின்தங்கியவர்களுக்கு மட்டும், அவர்கள் விருப்பத்தோடு, அதற்கு மேல் நடக்கலாம். அவர்கள் போக பஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரம் வையுங்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. வாரம் இரண்டு பி.இ.டி. பீரியடும் ஒரு நூலக பீரியடும் பழைய கால அட்டவணைப்படி திரும்ப வர வேண்டும். அரையாண்டு விடுமுறையில் வகுப்பு கூடாது.

கந்த சஷ்டி இந்த மாதமே வருகிறது, அதற்கு முதலில் முடிவு சொல்லுங்கள். தசரா, சஷ்டி, மணப்பாட்டுத் திருநாள், ரமலான் போன்ற நாட்களில் விடுப்பு வேண்டுவோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும், பெற்றோர் நேரில் வர வேண்டும், வெளியே நிற்க வேண்டும் என்பது இருக்கக் கூடாது. தவறிய டெஸ்டை இன்னொரு நாள் எழுதலாம். பிப்ரவரியில் நோன்பு தொடங்கியதும் நோன்பு வைப்பவர்கள் 4.15க்கே கிளம்ப அனுமதி வேண்டும்.

இவற்றைப் பேச ஒரு கூட்டம் போடுங்கள். மாலை 5 மணிக்கு மேல் வைத்தால் மீன் விற்கும் அம்மாக்களும் உப்பளத்துக்குப் போகிறவர்களும் வர முடியும். வகுப்புக்கு இரண்டு மாணவர்களைப் பேச விடுங்கள், ஆசிரியர்களில் ஒருவரையும். தீபாவளிக்கு முன்னால் எந்தத் தேதி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். என் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உயிரியல்–கணிதப் பிரிவு பிளஸ் டூ மாணவி ஒருத்தி